இலையைத் திருப்பிப் பார்த்தால்: நாட்டுத் திசில் செடிகளை இனங்காணும் முயற்சி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் புல்வெளிகளில் காணும் திசில் (thistle) என்னும் முட்செடிகளுள் எவை அம்மண்ணுக்கு உரியவை, எவை பிற கண்டங்களிலிருந்து வந்து பரவியவை என்று பிரித்தறியப் பழகி வருகிறேன். பூவின் நிறம் இதற்கு உதவவில்லை. பெரும்பாலானவை ஊதா கலந்த இளஞ்சிவப்பிலேயே பூக்கின்றன.

ஆகவே முதலில் தண்டைப் பார்க்கிறேன். தண்டின் நெடுகிலும் முள் வைத்த இறக்கை போன்ற விளிம்புகள் இறங்கினால், அது வந்தேறிகளான சிர்சியம் வல்கேர் (சிர்சியம் என்பது திசில்களின் ஒரு பேரினம்) அல்லது மஸ்க் திசிலாக இருக்கக்கூடும். விதை முற்றியிருந்தால் இவ்விரண்டையும் பிரிப்பது எளிது: லென்ஸில் பார்க்கையில், சிர்சியத்தின் விதைமுடி, அதாவது விதையின் உச்சியிலுள்ள மயிர்க்கற்றை, இறகைப் போலக் கிளைத்திருக்கும், மஸ்க் திசிலின் விதைமுடி கிளையற்ற வெறும் இழையாக இருக்கும். மற்றொரு வந்தேறியான கனடா திசிலுக்கு இத்தனை ஆய்வு வேண்டியதில்லை. சிறிய பூத்தலைகளோடு, படரும் வேர்களால் கூட்டங்கூட்டமாக எழும்புவதே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தண்டில் இறக்கை இல்லையென்றால் இலையைத் திருப்புகிறேன். அடிப்புறம் அடர்ந்த வெண்பஞ்சு போர்த்தியிருப்பது, என் அனுபவத்தில், நாட்டுத் திசிலுக்கான மிக நல்ல அடையாளம். அதிலும் நடுத்தண்டு இலைகள் ஆழமாகப் பிளவுபட்டிருந்தால் சிர்சியம் டிஸ்கலர்; பிளவின்றியோ சற்றே பல் வெட்டியோ இருந்தால் சிர்சியம் ஆல்டிசிமம். இவை தமக்குள் கலப்பதும் உண்டு என்பதால், இடைப்பட்ட இலைகளைக் கொண்ட செடிகளுக்குக் கட்டாயமாக ஒரு பெயரைச் சூட்டாமல் விட்டுவிடுகிறேன்.

ஈர நிலத்துச் சிர்சியம் மியூட்டிகம் எனக்குப் பிடித்த செடி. தண்டு உள்ளீடற்றது, பூத்தலையைச் சுற்றிய செதில்களின் நுனியில் முள்ளே கிடையாது, அவற்றின் ஓரங்களில் சிலந்தி வலை போன்ற நூலாம்படை படிந்திருக்கும்.

பூத்தலைகளைச் சோதிக்கும்போது ரைனோசில்லஸ் கோனிக்கஸ் என்னும் கூன்வண்டின் தடயங்களையும் தேடுகிறேன். மஸ்க் திசிலைக் கட்டுப்படுத்துவதற்காக 1960களின் இறுதியில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வண்டின் புழுக்கள் நாட்டுத் திசில்களின் விதைகளையும் தின்றுவிடுகின்றன. மிச்சிகன் ஏரியின் மணல்மேடுகளில் வளரும், 1988 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பிட்சர் திசிலும் இதற்குத் தப்பவில்லை.

அடுத்ததாக, பூக்கும் தண்டு எழுவதற்கு முன் தரையோடு ஒட்டிக் கிடக்கும் இலைவட்டங்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். களை என்று எண்ணி நாட்டுச் செடிகளையும் சேர்த்துப் பிடுங்கிவிட வாய்ப்புள்ள பருவம் அதுதான்.