செம்மொழிப் பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

பண்பலை வானொலியின் இசைப் பிரிவில் புதுப் பாட்டை மதிப்பிடுவது தினப்படி வேலை. நேயர்களை உட்காரவைத்து, பாட்டைப் போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்குவோம். பெரும்பாலான பாடல்களுக்கு அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும். ஒரே இசையமைப்பாளரின் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று மல்லுக்கட்டும் பாட்டு வந்தால்தான் இந்த முறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெரியும்.

ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்களிடையே அப்படிப்பட்ட பாட்டு, 'செம்மொழியான தமிழ் மொழியாம்'. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் மைய நோக்கப் பாடல் அது. வரிகள் அன்றைய முதல்வர் மு.கருணாநிதியுடையவை. காட்சிகளை இயக்கியவர் கௌதம் மேனன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் அப்போது 88 வயதான டி.எம்.சௌந்தரராஜன் இருக்கிறார், பி.சுசீலா இருக்கிறார், 24 வயது ஸ்ருதி ஹாசனும் இருக்கிறார். அருணா சாய்ராம், நித்யஸ்ரீ, டி.எம்.கிருஷ்ணா எனக் கர்நாடக மேடைக்காரர்கள் ஒரு பக்கம், யுவன் சங்கர் ராஜா, ராப் பாடகர் பிளேஸ் என்று இன்னொரு பக்கம். இத்தனை பேர் பாடிய ஒன்றுக்கு ஒரே மதிப்பெண் கேட்பதில்தான் முதல் கோளாறு. ஒருவர் டி.எம்.எஸ். குரலுக்கு ஐந்து போடுகிறார், பக்கத்தில் இருப்பவர் ராப் பகுதிக்கு ஒன்று போடுகிறார். தாளில் இரண்டுமே அந்தப் பாட்டின் பெயருக்கு நேராகத்தான் விழுகின்றன.

முதலில் ஒலிக்கோப்பு. எல்லோரும் கேட்பது ஒரே மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டைப் பெரும்பாலானோர் காட்சியோடு, தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ கேட்டுப் பழகியவர்கள். தொலைக்காட்சியிலிருந்து எடுத்த பிரதியில் ஒலி அமுக்கப்பட்டு, மெல்லிய தொடக்கமும் உரத்த முடிவும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்திருக்கும். அதைக் கேட்டவர் 'தட்டையாக இருக்கிறது' என்று எழுதினால், அந்தக் குறை இசையமைப்பாளர் கணக்கில் சேரக் கூடாது. சுருக்காத வேவ் கோப்பு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் 320 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாத எம்பி3.

அடுத்தது ஒலி அளவு. ஒப்பீட்டுக்காக அதே இசையமைப்பாளரின் வேறு நான்கைந்து பாடல்களையும் சேர்த்துப் போடுவது வழக்கம். எல்லாவற்றையும் லவுட்னெஸ் மீட்டரில் அளந்து ஒரே அளவுக்கு, உதாரணமாக மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு), கொண்டுவர வேண்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் பாட்டைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடியது என்று அதற்குத் தோன்றாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். பாட்டைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சமப்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் நிதானமான தொடக்கமும் எல்லாக் குரல்களும் சேரும் இடமும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். பாட்டு படிப்படியாக ஏறுவதுதான் இதில் பாதி அழகு. அளவை முழுப் பாட்டுக்கும் ஒருமுறை சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகே வெட்ட வேண்டும்.

வெட்டுவதில் இந்தப் பாட்டு கூடுதல் தொல்லை தரும். வானொலிச் சோதனையில் 'ஹூக்', அதாவது பாட்டை அடையாளம் காட்டும் துண்டு, வழக்கமாக ஏழு முதல் பத்து விநாடி. சினிமாப் பாட்டுக்குப் பல்லவியின் முதல் இரண்டு வரி போதும். இங்கே 'செம்மொழியான தமிழ் மொழியாம்' என்ற அடியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் மதிப்பெண் உயர்ந்துவிடும். சண்டைக்குரிய இடங்கள் வெளியே நின்றுவிடும். நடுவில் வெட்டினால் வேறு சிக்கல். 'ஓரறிவு முதல் ஆறறிவு உயிரினம் வரையிலே' என்று தொடங்கும் வாக்கியம் தொல்காப்பியத்தைத் தொட்டு, குறள், சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி என்று நீண்டுகொண்டே போகிறது. பத்து விநாடியில் அறுத்தால் எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். கேட்பவர் 'புரியவில்லை' என்று இரண்டு போடுவார். அது வெட்டியவரின் குற்றம். ஆகவே இதற்கு 15 முதல் 20 விநாடித் துண்டுகள், பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் தொடங்கி மூச்செடுக்கும் இடத்தில் முடிய வேண்டும். தொடக்கத்தில் கால் விநாடி ஒலியை மெல்ல ஏற்றி, முடிவில் கால் விநாடி மெல்ல இறக்கினால் 'டொக்' என்று வெட்டுச் சத்தம் வராது. தொடக்கம், பல்லவி, இலக்கியப் பட்டியல் வரும் நடுப்பகுதி, மேற்கத்திய வாத்தியங்கள் முன்னுக்கு வரும் இடம், ராப், முடிவு என ஆறு துண்டு எடுத்தால் போதும். ஆறையும் ஒரே வரிசையில் எல்லாக் குழுவுக்கும் போடக் கூடாது. முதல் துண்டுக்கு நேயர் தாராளமாகவோ கஞ்சத்தனமாகவோ போடுவார், கடைசித் துண்டில் களைத்திருப்பார். ஆறு பேர் கொண்ட நான்கு குழு என்றால் நான்கு வெவ்வேறு வரிசை தயார் செய்ய வேண்டும்.

துண்டுகள் முடிந்ததும் முழுப் பாட்டையும் ஒருமுறை போட்டு அதற்குத் தனி மதிப்பெண் வாங்க வேண்டும். ரசிகர்களை இப்படி இரண்டாகப் பிரிக்கும் 'பிரிவினைப் பாடல்'களில் இந்த எண்ணும் துண்டுகளின் சராசரியும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. முழுப் பாட்டின் எண் கீழே இருந்தால் இணைப்புகளில் சிக்கல், மேலே இருந்தால் கட்டுமானம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டுக்கு ஏழு பேர் 1, மூன்று பேர் 2, இரண்டு பேர் 3, நான்கு பேர் 4, எட்டுப் பேர் 5 போடுகிறார்கள். மொத்தம் 75, சராசரி 3.125. இன்னொரு பாட்டுக்கு ஒருவர் 1, நால்வர் 2, பதினொரு பேர் 3, ஏழு பேர் 4, ஒருவர் 5. அதற்கும் மொத்தம் 75, சராசரி அதே 3.125. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் முதல் பாட்டு ஒலிக்கும்போது ஏழு பேர் நிலையம் மாற்றுவார்கள், எட்டுப் பேர் சத்தத்தைக் கூட்டுவார்கள். இரண்டாவது பாட்டுக்கு யாரும் கையை அசைக்க மாட்டார்கள். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் முதலாவதற்கு 1.67, இரண்டாவதற்கு 0.88. மேலாளர் மேசைக்குப் போகும் தாளில் சராசரி மட்டும் இருந்தால் அது பாதி உண்மை. ஐந்து கட்டங்களிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கட்டாயம் இருக்க வேண்டும்.

விவாதத்துக்கு ஒரு ஒழுங்கு தேவை, ரசிகர்கள் என்றால் இன்னும் கூடுதலாகத் தேவை. மதிப்பெண்ணை எழுதி வாங்கி, தாளைத் திரும்பப் பெற்ற பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். நீண்டகால ரசிகர் ஒருவர் ஆரம்பத்திலேயே 'இது ரஹ்மான் தரத்துக்கு இல்லை' என்று சொல்லிவிட்டால் அறையில் பாதிப் பேரின் பேனா அந்தப் பக்கம் சாயும். அனுபவம் அதிகமுள்ளவர் கடைசியில் பேசட்டும். பேசுகிற ஒவ்வொருவரும் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறிப்பிட்டாக வேண்டும் என்ற ஒரே விதி பல சண்டைகளைத் தீர்த்துவிடும். 'ராக் தமிழுக்குப் பொருந்தாது' என்று முழங்குபவரிடம் இடத்தைக் காட்டச் சொன்னால், கிடாரைச் சுட்டமாட்டார். குரல் வாத்தியத்தில் அமுங்கிச் சொல் கேட்காத இரண்டு இடங்களைச் சுட்டுவார். அது ஒலிக்கலவை பற்றிய குறை. அதை ஏற்கலாம், மறுக்கலாம், மறுபடி கேட்டுச் சரிபார்க்கலாம். 'பொருந்தாது' என்பதை எதைக் கொண்டும் சரிபார்க்க முடியாது.

வரிகளைப் பற்றிய விவாதம் தனி. இதில் எதுகை மோனைக்காகக் கட்டிய சரணங்கள் கிடையாது. குறள் 972இன் 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்பதில் தொடங்கி, கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வழியாக நக்கீரருக்குப் போகிறது. தமிழாசிரியர்கள் கூட்டத்தில் இருந்தால் ஒரு கேள்வி வரும். நக்கீரர் பாடிய புறநானூறு 189இல் 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்று இருப்பது பாட்டில் 'உடுப்பது இரண்டே' என்று ஆகியிருக்கிறதே என்பார்கள். கவனித்துச் சொன்ன குறை, குறித்துக்கொள்ள வேண்டியது. அதை மெட்டுக்கான மதிப்பெண்ணில் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுவோம். இந்த வரிகளுக்கு ஒரே சந்தத்தில் மெட்டுப் போட வழியே இல்லை. அடிக்கு அடி நீளம் மாறுகிறது. மெட்டை மாற்றிக்கொண்டே போனால்தான் சொல் பிழைக்கும். பல பாணிகளை அடுக்கியதை 'கலவைச் சோறு' என்று பழிக்கும் ரசிகர்கள் இந்தக் கட்டாயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் நூற்பெயர்கள் அடுக்கிவரும் நடுப்பகுதியில் மெட்டு பெயர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, எதன்மேலும் நிற்பதில்லை. நாலு போடலாம், ஐந்து போட மனம் வரவில்லை. தொடக்கத்துக்கு ஐந்து, டி.எம்.எஸ்.ஸின் அந்த முதிர்ந்த குரலை அங்கே வைத்ததற்காகவே.

கூட்டாகப் பாட முடியவில்லை என்ற குறை பள்ளி ஆசிரியர்களிடமிருந்து வருவது. அது நியாயமானது. மோகனத்தில் 55 விநாடியில் முடியும் 'நீராரும் கடலுடுத்த'வை எந்தப் பள்ளி மைதானத்திலும் பயிற்சியே இல்லாத குரல்கள் பாடிவிடும். செம்மொழிப் பாட்டைப் பாட ஒவ்வொரு பகுதிக்கும் அந்தப் பாணி தெரிந்த ஆள் வேண்டும். மாநாட்டுப் பாட்டாக அது வெற்றி, சேர்ந்து பாடும் பாட்டாக அது கடினம். தாளில் இந்த இரண்டுக்கும் இரண்டு கட்டம் வேண்டும்.

இன்னொரு கட்டமும் கட்டாயம். முள்ளிவாய்க்கால் துயரம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தபோது கூடிய மாநாடு அது. பாட்டைக் காதில் வாங்கவே மறுத்தவர்கள் உண்டு, அவர்கள் காரணம் இசையோடு தொடர்பில்லாதது, ஆனால் லேசானதும் இல்லை. ஆட்சியை ஆதரித்ததற்காக ஐந்து போட்டவர்களும் உண்டு. 'மாநாட்டைப் பற்றி உங்கள் கருத்து' என்று முதலிலேயே தனியாகக் கேட்டுவிட்டால், அந்தக் கோபமும் அந்த விசுவாசமும் தங்கள் இடத்தில் இறங்கிவிடும். அதன்பின் இசைக்குப் போடும் எண் தெளிவாக வரும். கேட்காமல் விட்டால் மெட்டுக் கட்டத்தில் வந்து ஒளிந்துகொள்ளும்.

அதே 2010இல் தில்லி காமன்வெல்த் போட்டிக்கு ரஹ்மான் தந்த பாட்டும் விமர்சனத்துக்கு உள்ளானது. அங்கே பிரச்சினை எளியது. அந்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஷகிரா பாடியதோடு எல்லோரும் ஒப்பிட்டார்கள், 'உடனே ஒட்டவில்லை' என்றார்கள், அக்டோபர் 3 தொடக்க விழாவுக்குள் அது திருத்தப்பட்டது. எல்லோரும் ஒரே குறையைச் சொன்னால் அதற்குப் பிரிவினைப் பாட்டு என்று பெயர் இல்லை.

ரஹ்மான் பாட்டு கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும் என்பது ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது. அதில் உண்மை இருக்கிறது. பழக்கம் விருப்பத்தைக் கூட்டும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் (Robert Zajonc) 1968இலேயே ஆய்வாக எழுதியிருக்கிறார். ஆனால் தொடக்கத்திலேயே வெறுத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வெறுப்பு இறுகவும் செய்யும். எனவே ஒரே நாளில் தீர்ப்பு கூடாது. முதல் நாள், மூன்றாம் நாள், எட்டாம் நாள் என மூன்று முறை அதே ஆட்களிடம் வாங்க வேண்டும். முதல் நாள் 2 அல்லது 3 போட்டவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பதைப் பார்த்துதான் முடிவெடுக்கிறோம். 1 போட்டவர்கள் அநேகமாக அங்கேயே நிற்பார்கள். அவர்களை மாற்றப் பாடுபட வேண்டாம்.

நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்க்கும்போது, இரு முனை மதிப்பெண் வாங்கிய பாட்டைக் காலை ஏழு முதல் பத்துவரை சுழற்சியில் போடுவதில்லை. அலுவலகம் போகிற அவசரத்தில் இருப்பவர் பிடிக்காத பாட்டுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க மாட்டார். இரவு ஒன்பதுக்கு மேல், முன்னும் பின்னும் எல்லோருக்கும் பிடித்த பாட்டாக வைத்து, நடுவில் போடலாம். பாதியில் நிறுத்தாமல் முழுதாகப் போட வேண்டும். ராப் வருவதற்கு முன்பே விளம்பரத்துக்குத் தாவினால், அந்தப் பகுதிக்காகவே காத்திருந்த இளைஞர்கள் மறுநாள் அழைத்துக் கேட்பார்கள். தொடக்கத்தின்மேல் அறிவிப்பாளர் பேசக் கூடாது என்றும் பட்டியலில் சிவப்பு மையில் குறித்துவைக்கிறோம், அங்கேதான் டி.எம்.எஸ். பாடுகிறார்.