வண்டி நம்பர் இல்லாமல் மலைக்கு: கொரோனா வருடத்தில் நடந்து போன அனுபவம்

2021 கார்த்திகையில் மாலை போட்டு நடந்தே சபரிமலைக்குப் போகலாமா என்று நம் பக்கத்துச் சாமிமார் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய வருடம், 2020 மார்கழியில், நானும் என் சித்தப்பா மகனும் கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டிப் பக்கத்தில் இருந்து நடந்து போய் வந்தோம். நடை எங்களைப் படுத்தவில்லை. காகிதம்தான் படுத்தியது. அப்போது இருந்த விதிகள் அத்தனையும் வண்டியில் வருகிறவரை நினைத்துப் போட்டவை. காலால் நடந்து வருகிறவர்களும் இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

2020 பிப்ரவரி 21 சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போனேன். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், 110 கிலோமீட்டர் பக்கம் வரும். கால் நல்ல பதத்தில் இருந்தது. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர், கார்த்திகையில் மாலை, அப்புறம் மலை என்று அந்த வருடத்துக்கே நடை போட்டு வைத்திருந்தேன். மார்ச் 24 சாயங்காலம் 144 வந்தது, மறுநாளில் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

முதலில் விடியற்காலையில் கால்வாய்க் கரையில் நடந்து பார்த்தேன். ஒரு காவலர் பைக்கை நிறுத்தி, "ஏம்பா, நடக்கதுக்கு இதுதான் நேரமா? வீட்டுக்குப் போ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதம் மொட்டை மாடிதான். மாடியில் நடந்தால் மூச்சும் முட்டியும் கெடாமல் இருக்கும், ஆனால் உள்ளங்கால் கெட்டுவிடும். வழவழ சிமெண்டில் நடந்து நடந்து வருடக்கணக்காக ஏறியிருந்த காய்ப்பு எல்லாம் உரிந்து, குழந்தைக் கால் மாதிரி ஆகிவிட்டது. செருப்பில்லாமல் மலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாடியில் நடந்த தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது தார் ரோட்டிலும் சரளையிலும் வெறுங்காலோடு நடந்து தோலை இறுக்கிக்கொள்ளுங்கள்.

விசாகம் போயிற்று. ஆவணித் திருவிழாவுக்காவது திருச்செந்தூர் போகலாம் என்று, ஊரடங்கில் வெளியூர் போக அரசு கொடுத்த அனுமதியான இ-பாஸ் பார்த்தோம். கல்யாணம், சாவு, மருத்துவம், வெளியூரில் மாட்டிக்கொண்டவர் ஊர் திரும்புவது, இவ்வளவுதான் காரணமாகக் காட்டலாம். நேர்த்திக்கடன் என்று ஒரு கட்டம் கிடையாது. நெட் சென்டர்க்காரர் "மருத்துவம்னு போட்டு எடுத்துத் தாரேன்" என்றார். பொய் சொல்லி வாங்கிய தாளோடு முருகன் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் 17-க்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது, ஆனால் பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 வரை திறக்கவில்லை. அதுவும் தள்ளிப் போயிற்று.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டோம். சபரிமலையில் வார நாளில் 1000 பேர், சனி ஞாயிறு 2000 பேர் என்று கட்டுப்பாடு. தரிசனத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்கிற வர்ச்சுவல் க்யூவில் இடமெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், அப்போதுதான் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. எங்கள் குருசாமிக்குக் கிடைக்கவில்லை. எழுபதைத் தாண்டியவர், வயது வரம்பு அவரைத் தடுத்துவிட்டது. எத்தனையோ பேரை மலை ஏற்றி இறக்கியவர், திண்ணையில் உட்கார்ந்து எங்கள் இருமுடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு நெய்த்தேங்காயை என் இருமுடிக் கட்டுக்குள் வைத்தார். வழியனுப்பும்போது அவர் சரணம் விளித்த குரல் உடைந்துபோனது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

மலை ஏறத் தகுதி என்று மருத்துவச் சான்றிதழும் கேட்டார்கள். போன இடத்தில் "பயணம் செய்யலாம்" என்று மட்டும் எழுதி நீட்டிவிட்டார்கள். மலை ஏறலாம் என்று எழுதச் சொல்லி மறுபடி டோக்கன் போட்டுக் காத்திருந்து வாங்கினோம். எதை வாங்கினாலும் வாசல் தாண்டுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

களியக்காவிளை வரை நமக்குத் தெரிந்த ரோடு. எல்லை தாண்டியதும் ஷெட் போட்டு மேசை வைத்திருந்தார்கள். கேரளாவுக்குள் போக இணையத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும், செய்திருந்தோம். அந்தப் படிவத்தில் வண்டி எண் கட்டத்தில் "இல்லை" என்று போட்டிருந்தோம். மேசையில் இருந்தவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "வண்டி எவிடே?" என்றார். நடந்து போகிறோம் சாமி என்றேன். வண்டி நம்பர் இல்லாமல் பற்றில்ல, அதாவது முடியாது, என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார். நெற்றியில் சந்தனம், தோளில் கட்டு, காலில் செருப்பில்லை. எதற்குப் போகிறோம் என்று அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. க்யூவில் தேதி போட்ட தாளைக் காட்டினோம், ஆதாரைக் காட்டினோம். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு டிரைவர் இரக்கப்பட்டு, "என் வண்டி நம்பரைப் போட்டுக்கோங்க சாமி" என்றார். மனசார நன்றி சொன்னோம், ஆனால் வேண்டாம் என்றுவிட்டோம். அவர் வண்டியில் யாருக்காவது பிறகு தொற்று என்று வந்தால் எங்களையும் சேர்த்துத் தேடுவார்கள், ஊரில் குருசாமி வீடு வரை போய் நிற்பார்கள்.

உச்சி வெயில் வரை அந்த ஷெட்டின் ஓரத்தில் நின்றோம். இருமுடிக் கட்டைத் தரையில் வைக்க முடியாது, ஒருவர் மாற்றி ஒருவர் தலையில் சுமந்தோம். மதியம் ஆள் மாறியது. வந்த சுகாதாரத் துறை அம்மா தாளை வாங்கி, வண்டி எண் என்று இருந்த கட்டத்தில் பேனாவால் "கால்நடையாக" என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "சூட்சிச்சு போணம் சாமி", கவனமாகப் போங்கள் என்றார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷ வேலையைக் காலையில் இருந்தவரும் செய்திருக்கலாம். நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், வெஞ்ஞாறமூடு, கிளிமானூர், கொட்டாரக்கரை, அடூர். நடை சுகமாகப் போயிற்று. மூன்று மணிக்கு எழுந்து குளித்து நடந்தால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பெரிய தூரம் கழிந்துவிடும். மற்ற வருடங்களில் வழிநெடுக அன்னதானம் இருக்கும், கோயில் மண்டபத்தில் படுக்கலாம். அந்த வருடம் எதுவும் இல்லை. கோயில்களில் படுக்க விடவில்லை, வெளியூர்க்காரர் என்றதும் வீடுகளில் தண்ணீர் கொடுக்கவே தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பயம். சின்ன அடுப்பும் அரிசியும் கொண்டுபோனதால் தப்பித்தோம். பஸ் ஸ்டாப் ஷெட்டில் படுத்தோம்.

இனிதான் பெரிய சிக்கல். மலைக்குக் கீழே எல்லோரையும் நிறுத்திச் சோதிக்கிற நிலக்கல்லில் காட்டுகிற, கொரோனா இல்லை என்ற சான்றிதழ் 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஊரில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம். நடந்து போகிறவன் ஊரில் எடுத்தால் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அது செல்லாத தாள். நிலக்கல்லிலும் பரிசோதனை உண்டு, ஆனால் அங்கே வரிசை நீண்டு எங்கள் நேரம் தவறிவிடுமோ என்று பயம். கடைசியாகக் கிடைக்கிற ஊர் பத்தனம்திட்டா. அங்கிருந்து நிலக்கல் நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பாதி காட்டு ஏற்றம். நாலா பக்கமும் யோசித்து, முதல் நாள் காலையில் பத்தனம்திட்டாவில் எடுத்து, மறுநாள் காலை நிலக்கல் சேருவது என்று முடிவு செய்தோம்.

முதலில் போன லேபில் உள்ளூர் விலாசம் இல்லாமல் கம்ப்யூட்டர் எடுக்காது என்றார்கள். லாட்ஜில் தங்கியிருந்தால் லாட்ஜ் விலாசம் கொடுங்கள் என்றது அங்கிருந்த பெண். நாங்கள் தங்கியது பஸ் ஸ்டாப்பில். ஆதாரில் இருக்கிற விலாசம் போதாதா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. வெளியே வந்து விசாரித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் இன்னொரு சின்ன லேபைப் பிடித்தோம். அங்கே ஆதாரே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். தொற்று இல்லை என்று தாளும் வந்துவிட்டது. சந்தோஷத்தில் கிளம்பும்போது தம்பிதான் பார்த்தான்: தாளில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை. 24 மணி நேரம் என்று கணக்குப் பார்க்கிற இடத்தில் நேரம் இல்லாத தாளை வைத்து என்ன செய்வது? எழுதிக் கொடுக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தோம். அவர் வந்து, சளி எடுத்த நேரத்தைப் பேனாவால் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் நடந்த நடை இருக்கிறதே, சிவாலய ஓட்டத்துக் கால்தான் காப்பாற்றியது. வடசேரிக்கரை, பெருநாடு தாண்டி ளாஹா போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அதற்கு மேல் யானை நடமாட்டம் உள்ள காடு, ராத்திரி போகக் கூடாது. மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் படுத்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஏற்றத்தில் வேகம் குறையாமல் நடந்தோம். தம்பியின் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது, துணி கட்டிக்கொண்டு நடந்தான். நிலக்கல்லில் காவலர் முதலில் பார்த்ததே நேரத்தைத்தான். பேனாவில் எழுதியிருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு விட்டார். எங்களுக்கு முன்னால் காரில் வந்தவர்களின் சான்றிதழ் நேரம் கடந்துவிட்டது என்று பரிசோதனை வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடந்து வந்த எங்கள் தாளுக்கு இன்னும் உயிர் இருந்தது. "சாமியே சரணம் ஐயப்பா" என்று நான் விளித்த விளியில் அந்தக் காவலரும் கை கூப்பினார்.

ஆனால் அங்கிருந்து பம்பை வரை நடக்க எங்களை விடவில்லை. பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ கெஞ்சினோம். ஊரில் இருந்து நடந்து வந்துவிட்டு அந்தக் கடைசித் தூரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனது இன்றைக்கும் மனதில் குறையாகத்தான் இருக்கிறது.

பம்பையில் முங்க முடியாது, குழாயில்தான் குளியல். நீலிமலைப் பாதை மூடல், சுவாமி ஐயப்பன் ரோடு வழியாக ஏற்றம். நெய்யைக் கவுண்டரில் கொடுத்து, அபிஷேகம் ஆன நெய்யை வாங்கிக்கொள்ள வேண்டும். குருசாமியின் நெய்யையும் அப்படித்தான் கொடுத்தேன். சன்னிதானத்தில் தங்க அனுமதி இல்லை. ஆனால் அந்த நடையில் யாரும் தள்ளாமல், கண் நிறைய நிறைய ஐயனைப் பார்த்தேன். அப்படி ஒரு தரிசனம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். தமிழ்நாட்டுக்குள் நுழையத் தனியாக இ-பாஸ் வேண்டும், மலையில் இருந்து இறங்கியதும் போனில் போட்டுவிட்டதால் பிரச்சினை இல்லை.

2021-இல் நிலைமை தேவலை. கொரோனா தடுப்பூசி இரண்டும் போட்ட சான்றிதழ், இல்லையென்றால் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை, இவற்றில் ஒன்று போதும் என்று இருந்தது. நடந்து போகிறவர்கள் ஊசிச் சான்றிதழையே நம்ப வேண்டியிருந்தது, 72 மணி நேரமும் நமக்குப் போதாது. ஆதார் அசலும் கையில் இருக்க வேண்டியிருந்தது. க்யூ தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே பெருநாடு பக்கம் சேர்ந்துவிடுகிற மாதிரி நடையைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்த வருடத்து ஐப்பசி மழை நம் மாவட்டத்து ரோடுகளைப் பல இடங்களில் அரித்துப் போட்டிருந்தது, களியக்காவிளை வரை இருட்டில் நடக்கக் கூடாத நிலை.

வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். குருசாமியும் அந்த முறை வருவதாக இருந்தார். மார்த்தாண்டம் வரை எங்களோடு நடந்துவிட்டு, அப்புறம் வண்டியில் வந்து பம்பையில் சேர்ந்துகொள்வதாகத் திட்டம். அவருடைய ஊசிச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் அப்போது ஒரே ஒரு தடவைதான் திருத்த விட்டார்கள், அதனால் ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தக் கொடுத்தேன்.  அவருடையது திருத்தி வந்ததும் க்யூவில் பெயரைப் போட்டுவிட்டு, கட்டு நிறைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது.