வலி குறைந்த காலை

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பச்சியின் (அப்பாவின்) குதிகாலில் ஏறிய கருவேல முள்ளை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவருக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு என்பதையும் அன்று நினைக்கவில்லை. மூன்றாம் நாள் கால் சிவந்து வீங்கியது. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு போர்வை பட்டாலே அலறினார், ஆனால் தோலைப் பார்த்தால் அவ்வளவு வலிக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை வலி குறைந்துவிட்டது என்றார். ஆத்தா முருகனுக்கு நன்றி சொன்னார். உள்ளே நரம்புகள் செத்துக்கொண்டிருந்ததால்தான் வலி குறைந்தது என்பது பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

ஊதா நிறக் கொப்புளங்களைக் கண்டதும் மதுரைக்கு ஓடினோம். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-க்கு இறங்கியிருந்தது. காலை அழுத்திய அறுவை மருத்துவர், தோலுக்கடியில் காற்று நறநறப்பதை உணர்ந்து, இது தோலுக்கடியில் சதையை வேகமாகச் சாகடிக்கும் கிருமித்தொற்றாக (நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ்) இருக்கலாம், ஸ்கேனுக்காகக் காத்திருக்க நேரமில்லை, திறந்து பார்த்தே உறுதி செய்யவேண்டும் என்றார். காலை எடுக்கவும் நேரலாம் என்ற ஒப்புதல் படிவத்தில், பெரியப்பச்சி வரட்டும் என்று நான் கையெழுத்திடாமல் கழித்த அரை மணி நேரத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறுவையின்போது தசையை மூடும் சவ்வை விரலால் தள்ளியதும் எதிர்ப்பின்றி, இரத்தமும் கசியாமல் பிரிந்து, அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிய நீர் வந்ததாக அறுவை மருத்துவர் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிருமிகளைக் கொல்லும் மெரோபெனம், வான்கோமைசின், கிருமியின் நஞ்சுச் சுரப்பைத் தடுக்கக் கிளிண்டாமைசின் ஆகியவற்றைச் செலுத்தினார்கள். இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைக் கொண்டு சராசரி இரத்த அழுத்தத்தை 65-க்குக் குறையாமல் வைத்தார்கள். சிறுநீரை மணிக்கு மணி அளந்தார்கள். சர்க்கரை 180-ஐத் தாண்டாதபடி இன்சுலினைப் பம்ப் வழியே கொடுத்தார்கள்.

24 மணி நேரத்துக்குள் மீண்டும் அறுவை என்றபோது நான் வாதாடினேன். மருந்து இரத்தத்தோடுதான் போகும், இரத்தம் ஓடாத செத்த சதைக்கு எந்த மருந்தும் எட்டாது, ஆகையால் வெட்டி நீக்கியே ஆகவேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் முறை திறந்தபோது புதிதாகச் செத்த சதை இல்லை. பின்னர் காயத்தின் மேல் உறிஞ்சும் கட்டுப் போட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியது வெகு நாள் கழித்து.

ஆறாம் நாள் செயற்கைச் சுவாசத்துக்காகச் செருகியிருந்த குழாயை எடுத்ததும் அப்பச்சி முதலில் கேட்டது காலைப் பற்றித்தான். செவிலியர் ஒன்றும் சொல்லாமல் போர்வையை விலக்கிக் காட்டினார்.