தாதரில் 400 ரூபாய், தாராவியில் ஒரு பெயர்

மும்பையில், தாதரில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஏமாந்ததுதான். அங்கிருந்து தாராவியை ஒட்டிய சயான் லோக்கல் ரயிலில் இரண்டாவது நிறுத்தம். டிக்கெட் 5 ரூபாய். அது அப்போது தெரியாது. அல்வா, முறுக்கு, கருப்பட்டி என்று அம்மா கட்டிக்கொடுத்த மூட்டைகளோடு முழித்துக்கொண்டு நின்றவனை டாக்சிக்காரர் தூரத்திலேயே எடைபோட்டுவிட்டார். மீட்டர் பழுதாம். குறைந்தபட்சக் கட்டணமே 31 ரூபாய்தான். தாராவி வரை மீட்டரில் போயிருந்தால் நூற்றுச் சொச்சம் ஆகியிருக்கும். 400 கொடுத்தேன். ஐந்து நாளைக்கு நான் ஒதுக்கி வந்ததே 5,000. ஒரு கை சட்டைப் பையைவிட்டு நகரவே இல்லை. இது பின்னால் எனக்கே வினையாயிற்று.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். பார்ப்போம்.

போனது பெரியம்மா மகளைப் பார்க்க. அக்காவும் அத்தானும் கானா நாட்டில் காதுகேளாதோர் நடுவே ஊழியம் செய்கிறார்கள். மூன்று மாத விடுப்பில் அத்தானின் வீட்டுக்கு, தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துக்கு வந்திருந்தார்கள். அத்தானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவருடைய தாத்தா தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வீட்டில் இன்னும் நம் ஊர்ப் பேச்சுத்தான். அந்தச் சந்தில் விடியும் முன்பே இட்லி வெந்துவிடுகிறது. பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்தபடி நகரமெங்கும் விற்கக் கிளம்புகிறார்கள். சூடாக எட்டு இட்லி சாப்பிட்டேன். டாக்சிக்காரரை ஓரளவு மன்னித்தேன்.

ஊரில் உறவினர்கள் அக்காவைப் பற்றிப் பேசும்போது, "ஊமைகளுக்குப் பிரசங்கம் பண்ணுகிறாள்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிரசங்கம் வாரத்தில் ஒரு நாள், அதையும் அத்தான்தான் செய்கிறார். மற்ற ஆறு நாளும் நான் ஆஸ்பத்திரி வரிசையிலும் வங்கியிலும் காவல் நிலையத்திலும் நிற்கிறேன், தம்பி. டாக்டர் சொல்வதைச் சைகையில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?" என்றாள். காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு அழுத முகங்களின் புகைப்படம் வேண்டுமாம். அவள் அனுப்புவதில்லை. அதனாலேயே சிலர் நிறுத்திவிட்டார்கள். கானாவுக்கு விமானம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவில் நுழையவும் முடியாது, இங்கே நிம்மதியாகத் திரும்பவும் முடியாது. டிக்கெட் விலையைக் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

எங்கள் பாளையங்கோட்டையில் காதுகேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர், 1897-இல், பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி. அக்கா சைகை கற்றுக்கொண்டது அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு விளையாடித்தான். அந்தத் தைரியத்தில் கானாவின் தலைநகர் அக்ராவில் போய் இறங்கியவளைப் பார்த்து அங்குள்ள பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளால் காட்டுவோம்; கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை தொட்டால் ஐந்து உயிரெழுத்துகள். கானாவில் எல்லாமே ஒரே கை. காரணம் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். பதினொரு வயதில் மூளைக்காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் காதுகேளாதோருக்கென்றே உள்ள கலாடெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், 1954-இல். 1957-இல் கானாவுக்குப் போனார். ஆப்பிரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தொடங்கினார். 1987-இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறந்தார். அவர் கொண்டுபோன அமெரிக்கச் சைகைதான் கானாவில் வேர்விட்டது. அத்தான் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாராம். காது கேட்கும் அக்காவுக்கு ஒரு வருடம். அந்த ஒரு வருடம் அவள் வாய் இருந்தும் பேசாமல், பிள்ளைகளிடம் பாடம் கேட்கும் பிள்ளையாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு மிஷனரி வாழ்க்கை என்றால் இனி அந்த வருடம்தான் நினைவுக்கு வரும்.

கானாவின் சைகையில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டே பெயரை எழுத்துக்கூட்டலாம். தாராவியில் டீயைக் கீழே வைத்தால்தான் பேச்சு. எத்தனை டீ ஆறிப்போனது!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு சபையார் தங்கள் கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். நாற்காலி இழுபடும் சத்தம், சிரிப்பு, மேசையைத் தட்டும் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, திரும்பிப் பார்த்தவன் நான் மட்டும்தான். பிரசங்க மேடை ஜன்னலுக்கு முன்னால் இருந்ததால் அத்தானின் கைகள் நிழலில் விழுந்தன. பத்து நிமிடம் மேடையையே இடம் மாற்றினார்கள். ஜெபத்தில் யாரும் கண்ணை மூடுவதில்லை, மூடினால் ஜெபம் போய்விடும். நடுவிரலால் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறித் தொட்டால் இயேசு, ஆணித் தழும்பு. அக்ராவில் காட்டுவதும் இதையேதான்.

முடிந்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. விருந்தாளியாக வந்திருந்த ஒரு பிரசங்கியார் அத்தானின் இரண்டு காதுகளையும் பொத்தி, கூடமே அதிரும்படி ஜெபித்தார். காது கேளாதவரிடம் எதற்கு அவ்வளவு சத்தம்? அத்தான் பொறுமையாக நின்றார், 'ஆமென்' காட்டினார், டீக்கடைக்கு நடந்தார். அங்கே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னாள்: "மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் இயேசு காது கேளாத ஒரு மனிதனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதைத் தொடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தைப் பார்க்கிறார். எப்பத்தா, 'திறக்கப்படுவாயாக' என்பது அதற்குப் பிறகுதான். முதலில் சைகை, அப்புறம் பேச்சு." அத்தானுக்குக் காது கேட்க வேண்டும் என்று ஆசை உண்டா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்து, தெருவின் ஹார்ன் சத்தத்தைச் சுட்டிக்காட்டிக் கும்பிட்டார்.

சாயங்காலம் பைகுல்லாவுக்கு ரயில் ஏறினோம். அதை ஒட்டிய மஸ்காவ் பகுதியில் 1885-இல் கத்தோலிக்கர் தொடங்கிய பள்ளியைத்தான் இந்தியாவில் காதுகேளாதோருக்கான முதல் பள்ளி என்பார்கள். அதன் வாசலையாவது பார்க்க ஆசை. அத்தான் ஏறிய பெட்டியிலேயே நானும் ஏறினேன். அது மாற்றுத்திறனாளிகள் பெட்டி. அக்கா மகளிர் பெட்டிக்குப் போய்விட்டதால் தடுக்க ஆளில்லை. உள்ளே ஆறேழு பேர் சைகையில் மும்முரமாக இருந்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் இந்தப் பெட்டியில்தான் சந்தித்துக்கொள்வார்களாம், வேலைச் செய்தி, கல்யாணச் செய்தி எல்லாம் இங்கேதான். ஒரு பெரியவர் என் காதைக் காட்டி, கதவைக் காட்டினார். அர்த்தம் புரிய அகராதி தேவைப்படவில்லை. ஆனால் இறங்குவதற்குள் தாதரில் டிக்கெட் பரிசோதகர் ஏறிவிட்டார். 500 ரூபாய் அபராதம். தப்பு என்னுடையது, வாதாடவில்லை. ஆனாலும் கை சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அந்தப் பெட்டியே சிரித்தது. அந்த இடத்திலேயே எனக்குச் சைகைப் பெயர் வைத்துவிட்டார்கள்: சட்டைப் பையில் இரண்டு தட்டு. காது கேட்பவர் தானாகப் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள்தான் தர வேண்டும் என்றாள் அக்கா. 500 ரூபாய்க்குப் பெயர், டாக்சியைவிட நல்ல பேரம்.

பள்ளி பூட்டியிருந்தது.

சாப்பாடு: மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு எதிரே, 1942 முதல் நடக்கும் ராமா நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு. ரசத்துக்காகவே இன்னொரு முறை போவேன். தங்குவது: சொந்தக்காரர் இல்லாவிட்டால் மும்பைக்கு 5,000-த்தோடு வராதீர்கள். வரிசை எப்போதோ குலைந்துவிட்டது, மன்னிக்கவும்.

திரும்பும் நாளில் தாதரில் என் ரயில் ஒரு நடைமேடையில். அத்தானும் அக்காவும் வீட்டுக்குப் போக எதிர் நடைமேடைக்குப் போய்விட்டார்கள். நடுவே தண்டவாளங்கள், வண்டி இரைச்சல், அறிவிப்பு. அக்கா கத்தியது ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் அங்கிருந்தே நிதானமாகப் பேசினார்: சாப்பாடு, தூக்கம், அம்மா, அடுத்த வருடம். கடைசியாகச் சட்டைப் பையை இரண்டு தட்டு தட்டினார். என் பெயரைச் சொன்னாரா, பணத்தைப் பார்த்துக்கொள் என்றாரா, தெரியவில்லை. நானும் என் பையைத் தட்டிக் காட்டினேன்.