நேற்றைக் கேட்கும் காது

எனக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, போன காது போனதுதான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், மூன்று மாதமாக நான் எழுதிவரும் மாயக்கதையின் நாயகி ஓர்வி. அவளுக்கும் இடது காதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் அவள் இப்படி இல்லை. வெள்ளி முடி, ஏழு மொழி, வாள்வீச்சு, கூப்பிட்டால் பறந்து வரும் நாகம். நாற்பது பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் மனசில் ஒட்டவே இல்லை. எழுதுகிறவர் தன்னையே குறையில்லாத ஆளாகக் கதைக்குள் நுழைத்தால் அந்தப் பாத்திரத்தை ‘மேரி சூ’ என்பார்கள். 1973இல் ஒரு ரசிகர் இதழில் வந்த பகடிக் கதையின் நாயகி அவள். பதினைந்தரை வயதிலேயே விண்வெளிப் படையில் லெப்டினன்ட். என் முதல் வரைவும் அதே ரகம். நான் ஆசைப்பட்டதையெல்லாம் அவளுக்குக் கொடுத்திருந்தேன், என்னுடையது எதையும் கொடுக்கவில்லை.

சரி என்று கதையை மூடிவைத்துவிட்டு, ஒரு வாரம் என்னையே கவனித்துக் குறித்துக்கொண்டேன். யாரோடு நடந்தாலும் அவருக்கு இடப்பக்கமாகப் போய்விடுகிறேன். மேசையில் இடது ஓர நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். யாராவது பேசினால் வலது காது முன்னால் வருகிற மாதிரி முகம் தானாகத் திரும்புகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் திசை என்று தெரிவதில்லை. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைப் பெரும்பாலும் கணிக்கிறது. அந்த வித்தியாசம் 1 மில்லிவிநாடிகூட இராது. எனக்கு அதுவும் இல்லை.

அந்த மில்லிவிநாடியை ஒரு முழு நாளாக நீட்டினேன். ஓர்வி பிறந்தது அங்கேதான். அவள் நிற்கும் இடத்தில் நேற்று இதே நேரம் எழுந்த சத்தம் அவளுடைய இடது காதில் கேட்கும். பழந்தமிழில் ஓர்த்தல் என்றால் காது கொடுத்துக் கேட்பது. பெயரை அதிலிருந்து எடுத்தேன். நாகத்தைத் தூக்கிவிட்டேன். வெள்ளி முடியும் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சத்திரத்து இரவு. ஓர்வி வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுக்கிறாள். நான் அப்படிப் படுத்தால் உலகமே அணைந்துவிடும், மழைகூடக் கேட்காது. அவளுக்கு இன்று மட்டும்தான் அணைகிறது. நேற்று அதே கட்டிலில் படுத்திருந்த யாரோ இருமுகிறார், புரள்கிறார், தண்ணீர் வேண்டும் என்று முனகுகிறார், விடியும் முன் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறார். எழுந்து போய்த் தண்ணீர் கொடுக்க அவளால் முடியாது. இதை எழுதிய ராத்திரி நான் அழுதேன். வகுப்பே சிரித்து முடித்த விஷயத்தை மறுநாள் ஒருத்தியிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்போது சிரித்த சின்னப் பெண் நான்.

“மாயக்கதைதானே அக்கா, கடைசியில் காதைச் சரியாக்கிவிடேன்” என்றாள் தங்கை. மாட்டேன் என்றேன். அந்தக் காது போனால் ஓர்வி போய்விடுவாள்.

இப்போது பத்தாவது அத்தியாயம். சந்தைக் கூட்டத்தில் யாரோ ஓர்வியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் நின்று, முழுதாக ஒரு சுற்று சுற்றித் தேடுகிறாள். கூப்பிட்டது இன்றைய ஆளா, நேற்றைய ஆளா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.