ரெஃப்ரி தேர்வுக்குப் போகிறவர்கள் கேமராவை எங்கே வைப்பது?

கால்பந்து ரெஃப்ரி தேர்வுக்கு நம்ம நீலகிரித் தம்பிகள் சிலர் தயாராகிறார்கள். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 17 விதிகளையும் உதாரணத்தோடு படித்தால் போதும். ஓட்டத் தேர்வுக்கு ஓடித்தான் ஆகணும். நிறையப் பேர் தடுமாறுவது மைதானத்தில் நடக்கும் செயல்முறைத் தேர்வில்தான். அதற்கு எனக்குக் கைகொடுத்தது செல்போன் வீடியோ.

படம் எடுக்கிற நண்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பந்துக்குப் பின்னால் போகாதே, என்னை எடு. சொல்லாவிட்டால் மேட்ச் முழுக்க நீங்கள் ஃப்ரேமிலேயே இருக்க மாட்டீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பல மைதானங்களை ஒட்டி மண்மேடோ தேயிலைச் சரிவோ இருக்கும். காசு செலவில்லாத காலரி. அங்கே ட்ரைபாடை நிறுத்தினால் நீங்கள் ஓடும் பாதை முழுசாக விழும். மூலைவிட்டமாக ஓடுகிறீர்களா, நடுவட்டத்திலேயே நின்று விசில் அடிக்கிறீர்களா, துணை நடுவரும் ஆட்டமும் ஒரே பார்வையில் வருகிறார்களா என்று பார்க்கலாம்.

ஆனால் அந்த மேட்டு வீடியோவில் ஆஃப்சைடைச் சரிபார்க்காதீர்கள். (சுருக்கமாக ஆஃப்சைடு என்றால், சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் நொடியில் ஃபார்வர்டு, கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரரைத் தாண்டி கோலுக்குக் கிட்ட நிற்பது.) கேமரா நடுக்கோட்டுக்கு நேராக இருந்தால், கோல் பக்கம் நடப்பதெல்லாம் சாய்வாகத்தான் தெரியும். ஃபார்வர்டு கேமராவுக்குக் கிட்ட, டிஃபெண்டர் எதிர் ஓரத்தில் என்று வையுங்கள். இருவரும் சமமாக நின்றாலும் ஃபார்வர்டு முன்னால் நிற்பதுபோலத் தெரியும். சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்பதுதான் விதி. ஆக, சரியாகக் கொடி தூக்காமல் இருந்த துணை நடுவரை வீணாகத் திட்டுவீர்கள். ஆஃப்சைடுக்கு இன்னொரு போன் வேண்டும். துணை நடுவருக்குப் பின்னால், கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரரின் நேர்கோட்டிலேயே அதுவும் நகரணும்.

அதிலும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் போனில், நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறவர் ஒரு ஃப்ரேமுக்குள் சுமார் 23 செ.மீ. நகர்ந்துவிடுவார். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி இன்னும் கூடும். மயிரிழைத் தீர்ப்புகளை விட்டுவிட்டு, துணை நடுவர் கோட்டில் நின்றாரா, எப்போது கொடி தூக்கினார் என்பதைப் பாருங்கள்.

அப்புறம் ஸ்லோ மோஷன். 2018-இல் விதிப் புத்தகத்தில் சேர்ந்த விஏஆர் (வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் நடுவர்) நடைமுறையே இதைப் பிரித்துச் சொல்கிறது: கால் எங்கே பட்டது, பந்து வெளியே போனதா என்பதற்கு மெதுவாக, ஃபவுல் எவ்வளவு கடுமை என்பதற்குச் சாதாரண வேகத்தில். மெதுவாக ஓட்டினால் சாதாரண டேக்கிள்கூட கொலைவெறி மாதிரித் தெரியும். அட்டை கொடுக்கலாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வீடியோவைப் போடுவதற்கு முன், சந்தேகமான தீர்ப்புகளையும் அவற்றுக்கான காரணத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் காரணம் தானாக அழகாகிவிடும். சீனியர் அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. என்னோடு உட்கார்ந்தவர் விசில் ஊதும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, “இதுக்கு மூணு நொடி முன்னாடி எங்க நின்ன, தம்பி?” என்று மட்டும் கேட்பார். தீர்ப்பைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கினால் போனின் ஃபோகஸ் அலைபாயும். முன்பே லாக் செய்துவிடுங்கள். பள்ளி மேட்ச் என்றால் பி.டி. மாஸ்டரிடம் அனுமதி கேட்டு எடுங்கள். பிள்ளைகள் தடுக்கி விழுந்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல், பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.