நான்கு இலக்கத்தில் ஒரு நகர்வு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பினாங்குக்கு அஞ்சலட்டையிலோ வாட்ஸ்அப்பிலோ சதுரங்கம் ஆட நினைப்பவர்கள் முதலில் எண் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். தமிழில் குதிரை, மலாயில் குடா, மாண்டரினில் மா. எண்ணில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. வெள்ளையின் இடது மூலை 11. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம்: முதல் இலக்கம் நெடுவரிசை, அடுத்தது குறுக்குவரிசை. நகர்வை எழுதும்போது புறப்படும் கட்டம் முதலில், சேரும் கட்டம் அடுத்து. ராஜா முன்னிருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. கறுப்பு ஆடுபவரும் வெள்ளைப் பக்கத்திலிருந்தே எண்ண வேண்டும்.

இலக்கம் இடம் மாறினால் ஆட்டமே கெடும். 6134 என்பதற்கு 6143 என்று எழுதினால் பிஷப் தன் சிப்பாய்க்கு முன்னால் போய் வழியை அடைத்து நிற்கும். விதிப்படி செல்லும் நகர்வு என்பதால் திரும்பப் பெற முடியாது. அதனால் அனுப்பும் முன் அட்டையைப் பார்த்தே பலகையில் ஆடிப் பாருங்கள், மனதில் உள்ளதை அல்ல. எதிராளியின் கடைசி நகர்வையும், அட்டை கிடைத்த தேதி, அனுப்பிய தேதி இரண்டையும் எழுதுங்கள். பழைய அஞ்சல் போட்டிகளில் 10 நகர்வுக்கு 30 நாள். அட்டை வழியில் இருக்கும் நாள் கணக்கில் சேராது.

நாள் மிச்சம் பிடிக்க, 'இப்படி ஆடினால் இப்படி' என்று முன்கூட்டியே பதில் எழுதலாம். 'எது ஆடினாலும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கறுப்பு ஆடுபவர் 4244-க்கு 7776, அடுத்து எது ஆடினாலும் 6877 என்று எழுதினால், வெள்ளை 3186 ஆடும். பிறகு 8677. பிஷப் போச்சு, பின்னால் யானையும் போகும்.

தொடக்க ஆட்டத்துக்கு நான் காட்டுவது எஸ்ட்ரின் (வெள்ளை)–பெர்லினர் (கறுப்பு), 5-ஆவது உலக அஞ்சல் சதுரங்கப் போட்டி, 1965–68. இரு குதிரைத் தடுப்பு என்ற தொடக்க முறை:

5254 5755, 7163 2836, 6134 7866, 6375 4745, 5445 2725, 3461 3644, 3233 6645, 7554 4884, 5473 3874, 6263 5554.

கறுப்பின் 10-ஆவது நகர்வில்தான் உயிர் இருக்கிறது. 44-இல் குதிரைக்கும் 74-இல் பிஷப்புக்கும் ஒரே நேரத்தில் வெட்டு. இரண்டையும் விட்டுவிட்டு பெர்லினர் சிப்பாயை நகர்த்தினார். காரணம் 55 காலியாக வேண்டும். 3344 என்று வெள்ளை குதிரையை வெட்டியதும் 6846. அந்த பிஷப்பின் பார்வை நேராக 73-இல் விழுகிறது. அங்குள்ள குதிரை அசைந்தால் ராஜாவுக்கு செக். பிஷப் அதை வெட்டினால், 82 சிப்பாயால் திருப்பி வெட்டவும் முடியாது. வெட்டினால் 81 யானை ராணிக்கு இரை.

அடுத்து வெள்ளை 6125 செக். கறுப்பு 5848 ஆடி, கோட்டை கட்டும் உரிமையை இழந்தும் 42 நகர்வில் வென்றது. செக் என்பதால் பதில் ஒன்றுதான் என்று இங்கே எண்ணிவிடாதீர்கள்: 3736, 7447 என்று மறைக்கலாம், ராஜா 57-க்கோ 68-க்கோ போகலாம். முன்பதில் எழுதுவதானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.